திரும்புதல் என்னும் சொல்

தவறிழைத்த மனிதன் வாய் திறந்து, "நான் தவறிழைத்தேன்" என்று சொல்வதனால் விளையும் பயன் யாது? பறிக்கப்பட்ட நிலம் அச்சொல்லால் மீள்வதில்லை. இடிந்த வீடு எழுவதில்லை. இறந்தவர் எழுந்து வருவதில்லை. ஆயினும் அச்சொல் சொல்லப்படாதவரை, பாதிக்கப்பட்டவரின் நெஞ்சில் ஏதோ ஒன்று அடங்காமல் கிடக்கிறது. தவறிழைத்தவனின் வாழ்விலும் ஏதோ ஒன்று உள்ளூர அழுகிக்கொண்டிருக்கிறது. சொல் வெறுங் காற்றுத்தான் என்றால், அதனைச் சொல்வதற்கு மனிதர் ஏன் இவ்வளவு அஞ்சுகின்றனர்?

இந்த வினா நூல்நிலையத்தில் எழுந்ததன்று. புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையிலே, நுரைச்சோலையிலே, ஒரு வகுப்பறையில் எழுந்தது. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில் வருவோர் நுரைச்சோலையை இன்று ஒரு புகைபோக்கியைக் கொண்டு அடையாளம் காண்பர். 2011இல் முதற் பகுதியும் 2014இல் எஞ்சிய இரு பகுதிகளும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் நிலக்கரி மின்னிலையம் அது. நாட்டுக்கு ஒளி தரும் அந்தக் கோபுரத்தின் அடியிலே மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. கரைவலை இழுப்போரின் குரல் காலையில் கேட்கிறது. அந்த வெங்காயத் தோட்டங்களிலே நாட்கூலிக்குக் குனிந்து நிற்கும் பெண்களில் பலர் இவ்வூரிற் பிறந்தவரல்லர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே நம் மாணவரில் ஒரு பகுதியினர்.

ஒருநாள் வகுப்பில் சொல்லாக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தமிழுக்கு வந்த புதிய கருத்துக்களைப் பழைய சொற்களால் எவ்வாறு கட்டினர் என்பதற்கு எடுத்துக்காட்டாக, 'மனந்திரும்புதல்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதினோம். கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கியோர் வழங்கிய சொல் அது. எபிரேய மொழியில் அதற்கு நிகரான சொல் 'ஷூப்' என்னும் வினையடியிலிருந்து வருவது. அவ்வினைக்கு நேர்ப்பொருள் 'திரும்பு' என்பதே. வழிதவறியவன் திரும்பி வருவதையும், நாடிழந்தவன் தன் நாட்டுக்கு மீள்வதையும் எபிரேயர் அந்த ஒரே வினையாற் குறித்தனர். இதைச் சொல்லி முடிக்கவும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்கட தௌபாவும் அதுதானே?" என்றாள். அவள் சொன்னது சரியே. அரபு மொழியின் 'தௌபா'வும் திரும்புதல் என்னும் பொருளடியாகவே பிறந்தது. திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு அதுவே பெயர். எபிரேயம், அரபு, தமிழ் ஆகிய மூன்றும் மனிதன் திருந்துவதைத் திரும்புதலாகவே கண்டன என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கையில், அவள் அருகில் இருந்த சிறுவன் கேட்டான்: "அப்ப, எங்கட வாப்பும்மாவை ஊரிலயிருந்து கலைச்ச ஆக்கள் தௌபா செய்தவங்களா, சேர்?"

மணி அடித்தது. நாம் விடை சொல்லவில்லை. மணி அடித்திராவிடினும் சொல்லியிருக்க மாட்டோம். இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சி.

முதலில் அந்தத் தீர்க்கதரிசிகளிடம் செல்வோம். சமயம் என்றவுடன் ஐயுறவு கொள்ளும் முற்போக்கு அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் பெத்தேல் என்னும் அரச ஆலயத்தின் வாயிலில் நின்று குரல் எழுப்பிய ஆமோஸ் ஒரு குருக்களல்லன். தெக்கோவா ஊரின் மந்தை மேய்ப்பன். காட்டத்தி மரங்களைப் பேணி வாழ்ந்தவன். அவன் காலத்தில் இஸ்ரவேல் நாட்டில் வாணிகம் செழித்தது. செல்வர் தந்தக் கட்டில்களிற் சாய்ந்திருந்தனர். கடன்பட்ட ஏழை ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு விற்கப்பட்டான். அதே வேளையில் ஆலயங்களில் பலிகளுக்கும் பாடல்களுக்கும் குறைவேயில்லை. அந்தப் பாடல்களின் இரைச்சலைக் கடவுள் கேட்க விரும்பவில்லை, நீதி ஆற்றைப் போல ஓடுவதையே விரும்புகிறார் என்றான் ஆமோஸ். ஆலயத்தின் குரு அமத்சியா அவனை நாட்டை விட்டு ஓடிப்போகச் சொன்னான். அதிகாரத்தின் நிழலில் நிற்கும் சமயம் உழைப்பாளியின் வாயை அடைக்க முயன்ற பழைய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

ஏசாயாவும் இதையே சொன்னார். உதடுகள் அருகில் இருக்கின்றன, நெஞ்சம் தொலைவில் இருக்கிறது என்பதே அவர் தம் மக்கள்மீது சுமத்திய குற்றம். இரத்தம் படிந்த கைகளை விரித்து எத்தனை செபங்கள் சொன்னாலும் அவை கேட்கப்படா என்றார். கழுவ வேண்டியவை கைகளே என்றார். எருசலேம் ஆலயத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாதுகாப்புத் தேடியவர்களை நோக்கி எரேமியா, அந்நியனையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்குவதை நிறுத்துங்கள், அப்போதுதான் இந்த மண்ணில் நீங்கள் தங்கியிருப்பீர்கள் என்று எச்சரித்தார். நம் மரபுக்கும் இக்குரல் அந்நியமன்று. நெஞ்சொன்றும் கோலமொன்றுமாய் வாழ்வோரை வள்ளுவர் 'கூடாவொழுக்கம்' என ஓர் அதிகாரம் வகுத்துக் கண்டித்தார். சித்தர் சிவவாக்கியர் கல்லைச் சுற்றி முணுமுணுப்போரை எள்ளி நகையாடினார்.

இவ்வளவோடு நின்றால் தீர்க்கதரிசிகளின் போதனை எளிதாகிவிடும்: சொல் வேண்டாம், செயல் போதும். நம் முற்போக்கு அன்பர்களுக்கும் இது உவப்பான முடிவே. ஆனால் ஆமோசுக்குச் சற்றே பின்வந்த ஓசியா நம்மை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. அழிவின் விளிம்பில் நின்ற மக்களை நோக்கி, கடவுளிடம் திரும்புங்கள், திரும்பும்போது கையில் சொற்களை எடுத்துச் செல்லுங்கள் என்றார் அவர். காளைகளைப் பலியிடும் இடத்தில் உதடுகளின் வாக்குமூலத்தை வைக்கச் சொன்னார்.

இது முரண்பாடா? அன்று. பலியிடுவோன் தன் மந்தையிலிருந்து ஒரு மாட்டைக் கொடுக்கிறான், தன்னைக் கொடுப்பதில்லை. "இன்ன தவறை, இன்னாருக்கு, நான் செய்தேன்" என்று சொல்பவனோ தன்னையே கொடுக்கிறான். அவனது பெருமை போகிறது. அவன் கட்டிவைத்த கதை சரிகிறது. இனி அவனிடம் நட்டம் கேட்கும் உரிமை மற்றவனுக்குப் பிறக்கிறது. ஏசாயா வெறுத்த சொல், சொல்பவனிடமிருந்து எதையும் பெற்றுக்கொள்ளாத சொல். ஓசியா கேட்ட சொல், சொல்பவனுக்கு விலை வைக்கும் சொல். வாய்மையான வழிபாட்டுக்கும் பொய்யான வழிபாட்டுக்கும் வேறுபாடு உதட்டிலன்று, அந்த விலையிலேதான் இருக்கிறது.

வரலாறும் ஓசியாவின் பக்கமே நின்றது. கி.மு. 722இல் வடநாடு அசீரியரிடம் வீழ்ந்தது. கி.மு. 586இல் எருசலேம் பாபிலோனியரால் எரிக்கப்பட்டது, மக்கள் நாடுகடத்தப்பட்டனர். ஆலயமும் இல்லை, பலிபீடமும் இல்லை. அந்நிய மண்ணில் அகதிகளாய் இருந்தவர்களிடம் எஞ்சியிருந்தது சொல் மட்டுமே. சொல்லால் ஆகிய வழிபாடு வேரூன்றியது வெளியேற்றப்பட்டோரின் குடிசைகளிலே என்பதை நாம் மறக்கலாகாது. ஆலங்குடாவின் மணலிலே கிடுகினால் வேய்ந்த கொட்டில்களில் தொழுதவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நமக்கு அதனை மறத்தல் இயலாது.

இனி நம் கதைக்கு வருவோம்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பாதியில், வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். மன்னார்த் தீவின் மக்கள் கடற்கரையிற் காத்துக்கிடந்து படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். நகைகளும் பணமும் சோதனை நிலையங்களிற் பறிக்கப்பட்டன. உடுத்த துணியும் மிகச் சிறு தொகைப் பணமுமே அவர்களுக்கு விடப்பட்டன. பல நூற்றாண்டுகளாய் நம் மொழியைப் பேசி, நம் சந்தைகளில் வாணிகம் செய்து, நம் ஆடைகளைத் தைத்து வாழ்ந்த ஒரு சமூகம், ஒரு மாதத்துக்குள் அம்மண்ணிலிருந்து துடைக்கப்பட்டது. பெரும்பான்மையோர் ஒதுங்கிய இடம் இப்புத்தளம் மாவட்டம். தாமே வறியவராயிருந்த இவ்வூர் மக்கள் முதல் நாட்களிற் சோறும் நிழலும் கொடுத்தனர். பின்னர் நிலமும் நீரும் கூலிவேலையும் போதாமையால் உரசல்களும் எழுந்தன. வறியவரின் சுமையை வறியவர் தலையிலே இறக்கிவைப்பது அதிகாரத்தின் பழைய பழக்கம்.

இதற்கு மனந்திரும்புதல் நிகழ்ந்ததா? நிகழ்ந்ததாகச் சொல்வோர் 2002ஐச் சுட்டுவர். அவ்வாண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில், இயக்கத்தின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் நடந்ததைத் தவறென ஒப்புக்கொண்டார். பழைய தவறுகளை மறந்து மன்னிக்குமாறு கேட்டார். மூன்று நாட்களின் பின் இயக்கத்தின் தலைவரும் முஸ்லிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீமும் கைச்சாத்திட்ட உடன்பாட்டில், வெளியேற்றப்பட்டோர் ஊர் திரும்புவது பேசப்பட்டது.

அச்சொல்லை நாம் இழிவுபடுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டு மௌனத்துக்குப்பின் அது சொல்லப்பட்டது ஒரு நன்மையே. ஆனால் ஓசியாவின் தராசில் வைத்துப் பார்க்கையில் அதன் எடை குறைகிறது. அது உலகச் செய்தியாளரின் முன் சொல்லப்பட்டது. ஆலங்குடா முகாமில் வந்து நின்று சொல்லப்படவில்லை. மன்னிக்கும்படி கேட்ட அதே மூச்சில் மறக்கும்படியும் கேட்டது. மறதியைக் கேட்பவன் தன் குற்றத்தை அறிக்கையிடுவதில்லை. அதனை அழித்துவிடவே கேட்கிறான். யார் தீர்மானித்தனர், ஏன் தீர்மானித்தனர், பறித்த பொருள் எங்கே என்னும் வினாக்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

எரேமியா காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது, அரசன் சிதேக்கியாவும் செல்வர்களும் அஞ்சி, தம் அடிமைகளை விடுதலை செய்வதாக உடன்படிக்கை செய்து விடுவித்தனர். முற்றுகை சற்றுத் தளர்ந்தது. உடனே அதே அடிமைகளை மீண்டும் பிடித்துக்கொண்டனர். அவர்கள் நன்மைக்குத் திரும்பியதையும், பின்னர் அந்நன்மையினின்று திரும்பியதையும் எபிரேய நூல் ஒரே வினையாற் சொல்கிறது. நெருக்கடியில் மட்டும் பிறக்கும் நல்லெண்ணம் நெருக்கடியோடு இறக்கும். 2006இல் போர் மீண்டும் மூண்டது. 2009இல் அவ்வியக்கமே அழிந்தது. இன்று அச்சிறுவனின் வினாவுக்கு, "கலைத்தவர் இல்லை" என்று சொல்லித் தப்பிவிடலாம்.

தப்பிவிடலாமா? தந்தை புளித்த திராட்சையைத் தின்ன மகனின் பல் கூசாது, அவனவன் தன் வினைக்கே பொறுப்பாவான் என்பது எசேக்கியேலின் போதனை. குலங் குலமாய்ப் பழி சுமத்துவோருக்கு எதிராக அது மாபெரும் முன்னேற்றம். இன வெறியர் எவ்வினத்தில் இருந்தாலும் அவர்களின் தருக்கத்தை முறிப்பது அதுவே. வெளியேற்றம் நிகழ்ந்த ஆண்டில் நாம் இரண்டு வயதுக் குழந்தை. எனவே நமக்குப் பொறுப்பில்லை என்று எசேக்கியேலின் துணையோடு சொல்லிவிடலாம்.

ஆனால் நம் யாழ்ப்பாண வீட்டில் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. 1991இல் மலிவு விலைக்குக் கிடைத்ததென்று அன்னையார் சொல்வார். யாரிடமிருந்து கிடைத்தது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அதன் மர இழுப்பறையின் உட்புறத்தில் வெள்ளை மையால் 786 என்று எழுதப்பட்டிருந்தது. சிறுவனாய் இருந்தபோது அதனை நாம் ஏதோ விலை என்றே எண்ணினோம். முஸ்லிம் இல்லங்களில் இறைநாமத்தைக் குறிக்க எழுதும் எண் அது என்பதை நுரைச்சோலைக்கு வந்து, ஒரு கடையின் நெற்றியில் கண்ட பின்னரே அறிந்தோம். நம் முதற் பள்ளிச் சட்டை அந்த இயந்திரத்திலே தைக்கப்பட்டது. எசேக்கியேலின் வாக்கு மெய். ஆனால் திராட்சையில் ஒரு பழத்தை நாமும் தின்றிருந்தோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள், அதாவது யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்தாண்டு நிறைந்த நாளில், யாழ்ப்பாணத் தமிழர் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகத் தம் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தனர். நாமும் அன்னையின் கையைப் பற்றி நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது வீட்டில் இயந்திரம் இல்லை; கதவுகளும் இல்லை. இதனைத் தண்டனை என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. துன்பத்தைக் கணக்குத் தீர்ப்பாகக் காண்பது அறமன்று. ஆனால் ஒன்று உறுதி: திருப்பிக் கொடுப்பதற்கு அப்பொருள் இன்று நம்மிடம் இல்லை. எஞ்சியிருப்பது சொல் மட்டுமே. ஓசியா ஏன் சொற்களை எடுத்து வரச் சொன்னார் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

ஏசாயா தம் அழைப்பின் வேளையில் தம்மை அறிமுகம் செய்துகொண்ட முறையும் விளங்கிற்று. தாம் அசுத்த உதடுகளை உடையவர் என்றார். அசுத்த உதடுகளை உடைய மக்களின் நடுவில் வாழ்பவர் என்றும் சேர்த்துச் சொன்னார். முதலில் தான், பிறகே தன் மக்கள். இக்கட்டுரை முழுதும் 'நாம்' என்று எழுதி வருகிறோம். அது எழுத்து மரபு. ஆனால் குற்றத்தைச் சொல்லும் இடத்தில் 'நாம்' என்னும் சொல் பலருக்கு நடுவே ஒளிந்துகொள்ளும் மறைவிடமாகிவிடக்கூடும். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் எவனும் குற்றவாளியல்லன். பாண்டியன் நெடுஞ்செழியன் அவ்வாறு ஒளியவில்லை. சிலம்பின் பரல் சிதறியபோது, பொற்கொல்லன்மீதோ காவலர்மீதோ பழியைப் போடாமல், கள்வன் தானே என்று தன் வாயாற் சொன்னான் என்கிறது சிலப்பதிகாரம். நம் இலக்கியத்தில் அதிகாரத்தின் வாயிலிருந்து வந்த மிக உயர்ந்த குற்ற ஒப்புதல் அதுவே. ஆயினும் அவன் உடனே உயிர் துறந்தான். கண்ணகிக்கு எதையும் ஈடுசெய்ய அவன் இருக்கவில்லை. சொல்லிவிட்டு இறப்பதைவிட, சொல்லிவிட்டு உயிரோடிருந்து கடன் தீர்ப்பது கடினம்.

அந்தக் கடனைப் பற்றியும் எபிரேயர் ஆழ்ந்து சிந்தித்தனர். ஆகாப் என்னும் அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். அரசி பொய்ச்சாட்சிகளை ஏவி நாபோத்தைக் கொல்வித்தாள். அரசன் தோட்டத்தைக் கைப்பற்றச் சென்றான். அத்தோட்டத்திலே நின்று எலியா அவனைத் தட்டிக் கேட்டார். ஆகாப் ஆடையைக் கிழித்துக்கொண்டான். இரட்டு உடுத்து நோன்பிருந்தான். அதனால் தண்டனை பிற்போடப்பட்டது என்று நூல் சொல்கிறது. ஆனால் தோட்டம் நாபோத்தின் உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. தண்டனை நீங்கவில்லை, பிற்போடப்பட்டது மட்டுமே என்பதன் பொருளை நாம் அதிலிருந்து உணரலாம்.

நினிவே நகரத்தின் கதை இதற்கு எதிரானது. நம் மாணவர் யூனுஸ் நபி என அறிந்திருக்கும் யோனாவின் எச்சரிக்கையைக் கேட்டு அந்நகரம் முழுவதும் நோன்பிருந்தது. ஆனால் கடவுள் கண்டது அவர்களின் இரட்டையும் நோன்பையும் அன்று, அவர்களின் செயல்களையே என்று பிற்கால யூத ஞானியர் அக்கதையை விளக்கினர். களவாடிய உத்தரம் ஒன்றை வைத்து மாளிகை கட்டியவன், மாளிகை முழுவதையும் இடித்து அந்த ஒரு மரத்தை உடையவனிடம் கொடுத்தான் என்றும் சொல்லினர். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் கூரையும் கதவும் யன்னலும் கழற்றப்பட்டு நின்ற சுவர்களை அறிந்தவர்களுக்கு இந்த உவமைக்கு உரை தேவையில்லை. மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிக்கமாட்டார், பாதிக்கப்பட்டவனே மன்னிக்க வேண்டும் என்பது யூத மரபின் துணிபு. 'ஹக்குல் இபாத்' என்று இசுலாமிய மரபு சொல்வதும் அதுவே. கோயிலுக்குச் சென்று பாவத்தைக் கழுவிவிட முடியாது. அயலான் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். சமயத்தின் உள்ளிருந்தே எழுந்த இந்த உண்மையைச் சமயம் கடந்த முற்போக்காளரும் ஏற்கத் தடையில்லை.

இங்கே நம் அன்பர் சிலர் குறுக்கிடுவர். கிழக்கில் அதே 1990இல் தமிழ்க் கிராமங்களில் இரத்தம் சிந்தப்பட்டபோது முஸ்லிம் ஊர்காவற் படையினரின் கையும் அதில் இருந்ததே? அரசு நம் மக்களுக்குச் செய்த கொடுமைகளுக்கு யார் கணக்குச் சொன்னார்கள்? நாம் மட்டும் ஏன் முதலில் வாய் திறக்க வேண்டும்? இவை பொய்யான வினாக்களல்ல. கிழக்கில் அவ்வாண்டு ஓகத்து 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டதும் மெய்; தமிழ்க் கிராமங்கள் எரிந்ததும் மெய். 1983 யூலைக்காகச் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மன்னிப்புக் கேட்டது 2004இல், இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின்னரே. கொரோனாக் காலத்தில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் பலவந்தமாக எரித்ததற்கு அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 யூலையில். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காகத் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாருக்கு இன்னும் உண்மை சொல்லப்படவில்லை.

ஆனால் ஆமோசின் பேச்சு எவ்வாறு தொடங்குகிறது என்று பாருங்கள். தமஸ்குவின் கொடுமைகளைச் சொல்கிறான். காசாவின், தீருவின், ஏதோமின், அம்மோனின், மோவாபின் கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்திருப்பர். யூதாவைச் சொல்லி, இறுதியில் இஸ்ரவேலையே சுட்டுகிறான். அதன் குற்றங்களை மற்றெல்லாவற்றினும் நீளமாகச் சொல்கிறான். அயலாரின் குற்றத்தை அவன் மறைக்கவில்லை. தன்னைக் கேட்போர் அதன் பின்னால் ஒளிவதைத்தான் அனுமதிக்கவில்லை. நாம் உண்மை கேட்டு நிற்கும் மக்கள். உண்மை கேட்டு நிற்பவனுக்குத் தன் உண்மையைச் சொல்வது பலவீனமன்று. அதுவே அவன் கோரிக்கையின் முதுகெலும்பு. நாம் சொல்லத் தயங்கும் சொல்லை அரசிடம் எந்த முகத்தோடு கேட்பது?

இனி, சொல் செயலாகும் இடம் எது? 2009க்குப்பின் ஊர் திரும்பியோர் பலர் கண்டது காடு மண்டிய வளவுகளை. சிலர் கண்டது வேறொருவர் குடியிருக்கும் வீடுகளை. உறுதிகள் தொலைந்துவிட்டன. பத்தாண்டு தடையின்றி ஆண்டவனுக்கே நிலம் என்னும் பழைய சட்டம், துரத்தப்பட்டவனுக்கு எதிராகவே நின்றது. போரால் இடம்பெயர்ந்தோருக்கு அதிலிருந்து நிவாரணம் அளிக்க 2016இல்தான் ஒரு விசேட சட்டம் வந்தது. அதுவும் குறுகிய காலத்துக்கே. இத்தகைய நிலையில், காணி இன்னாருடையது என்று பழைய அயலவன் ஒருவன் கிராம அலுவலரின் முன் எழுந்து சொல்வானாயின், அந்தச் சொல் ஒரு குடும்பத்தை ஊருக்கு மீட்கும். அவன் மௌனமாயிருந்தால் அந்த மௌனம் அவர்களை இரண்டாம் முறை வெளியேற்றும். ஓசியா கேட்ட 'உதடுகளின் பலி' நம் நாட்டில் இதுவே: சாட்சியம். செலவில்லாத சொல்லன்று அது. சொல்பவன் அயலாரின் பகையைச் சம்பாதிப்பான், சில வேளை தன் வேலியையும் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

ஆசிரியரின் சாட்சியமும் ஒன்றுண்டு. நம் பாடசாலைகளில் இந்த ஒக்டோபரைப் பற்றி எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? நாம் கல்வி கற்ற ஆண்டுகளில் ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. ஈழத்து இலக்கியம் பற்றி நான்காண்டு படித்தோம்; இதனைப் பற்றி ஒரு விரிவுரை கேட்டோமில்லை. அந்த மௌனத்திற்கு எவரும் ஆணையிடவில்லை. நாமே அதைப் பேணினோம்.

சென்ற மாதம் அச்சிறுவனின் வாப்பும்மாவைக் காண ஆலங்குடாவுக்குச் சென்றோம். முற்றத்தில் வெங்காயம் பரப்பியிருந்தார். பிளாத்திக்குக் கதிரையொன்றை இழுத்துப் போட்டுத் தேநீர் தந்தார். தையல் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னோம்; 786ஐயும் சொன்னோம்; மன்னிக்குமாறு கேட்டோம். அவர் சிறிது நேரம் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கட வீட்டிலையும் ஒண்டு இருந்தது, தம்பி. ஆனா எங்கட மெசினில நம்பர் எழுதேல்லை. அது வேற ஆரோவின்ரை. என்னட்டை மன்னிப்புக் கேட்டா நான் என்னெண்டு குடுக்கிறது? உடையவங்களைத் தேடிச் சொல்லுங்கோ" என்றார்.

அவர் எபிரேய நூல் எதையும் படித்தவரல்லர். ஆனால் தீர்க்கதரிசிகளும் ஞானியரும் சொன்னதை இத்துணைத் தெளிவாக வேறெவரும் நமக்குச் சொன்னதில்லை. பொதுவாகச் சொல்லப்படும் மன்னிப்புக்கு உரியவர் எவருமில்லை. இன்னாருக்கு, இன்னதற்காக என்று சொல்லும்போதே அது முகவரி பெறுகிறது. அவர் நம்மைச் சினக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை, ஒரு வேலை கொடுத்தனுப்பினார்.

மறுநாள் வகுப்பில் அச்சிறுவனின் வினாவைக் கரும்பலகையில் எழுதினோம். விடையாகச் சொன்னது இவ்வளவே: கலைத்தவர்கள் ஒருமுறை பொதுவிற் சொன்னார்கள், அது போதவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சொல்லவில்லை. அவர்களுள் ஒருவரின் மகன் உங்கள் முன் நிற்கிறேன், நான் தொடங்குகிறேன். வகுப்பு அமைதியாயிருந்தது. அந்த மாணவி மட்டும், "மெசினுக்கு உரிய ஆக்களைக் கண்டுபிடிச்சிட்டீங்களா, சேர்?" என்று கேட்டாள். இல்லை என்றோம். யாழ்ப்பாணத்தில் தையற்கடை வைத்திருந்த குடும்பங்கள் எவையெவை என்று தத்தம் வீடுகளிற் கேட்டு வருவதாக மாணவர் சிலர் சொன்னார்கள். இதுவரை நான்கு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அடுத்த விடுமுறையில் அவர்களைத் தேடிச் செல்வோம்.